கம்முனு இருந்த பெஞ்சு

பலகை பொரியவில்லை. அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. தீ அப்புறம்தான் பட்டது.

கார்த்திகை தீபத்தன்று மத்தியானம். தொழிற்சாலையில் அரை நாள் லீவு. என் செக்சன் பெண்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் நாலு அகல் ஏற்றி வைத்தார்கள். அடியில் தட்டு வேண்டுமே என்று, புதிதாகத் தயாரித்த லாட்டில் அறுத்துப் போட்ட துண்டுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எங்கள் பலகையில் தீ பிடிக்காது என்று எங்கள் ஆட்களுக்கே அவ்வளவு நம்பிக்கை. காற்றில் ஒரு அகல் சாய்ந்தது. எண்ணெய் வழிந்தது, திரியும் கூடவே போனது. பலகை அந்த இடத்தில் அப்பளம் மாதிரி உப்பி, கறுப்பு நுரையாகி, தீயை மூச்சுமுட்டவைத்து அணைத்திருக்க வேண்டும். அது சும்மா கிடந்தது. பிறகு குபீரென்று பற்றிக்கொண்டது.

மணல் வாளியைத் தூக்கிக் கவிழ்த்தேன். தீ அணைந்தது. புகை மட்டும் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. பெண்கள் சிரித்தார்கள். "அக்கா, ஒரு துண்டுதானே, விடுங்க" என்றாள் ஒருத்தி. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நேரமில்லை.

என் பெயர் சாந்தாமணி. நொய்யல்நகரில் பஸ் நிறுத்தம், பூங்கா, ஆஸ்பத்திரி வாசல் என்று வெளியில் போட்டிருக்கும் பெஞ்சுகள் அத்தனையும் எங்கள் கம்பெனியுடையவை. வெயில் ஐம்பது டிகிரியைத் தொட ஆரம்பித்த பிறகு, பழைய பிளாஸ்டிக் பெஞ்சுகள் ஒரு பீடித் துண்டுக்கே பற்றி எரிந்தன. ஒரு பங்குனியில் ஒரு பஸ் நிழற்குடையே ஆட்களோடு எரிந்து போயிற்று. அதற்குப் பின்னால் வந்ததுதான் எங்கள் பலகை. பனியன் கம்பெனிகள் கழித்துப் போடும் துணி, தென்னை நார், பிசின், மூன்றையும் அழுத்திச் செய்வது. மேலே அட்டை கனத்துக்கு ஒரு தோல். அந்தத் தோலுக்கு உயிர் உண்டு. அது ஒரு பூஞ்சை. பனியைக் குடித்து வாழும், சூடு பட்டால் உப்பும்.

அந்தத் தோலை வளர்த்த ஆய்வுக்கூடத்துக்கு நான்தான் தலைமையாக இருந்தேன். முதலாளிக்கு என் வாய் பிடிக்கவில்லை. "அக்காவுக்கு வாய் கொஞ்சம் எச்சு, புகார் செக்சனுக்குத்தான் பொருத்தம்" என்று சொல்லி என்னை அங்கே மாற்றினார். என் நாற்காலியில் சென்னியப்பனை உட்கார வைத்தார். சென்னியப்பன் நல்ல மூளைக்காரன். ஆனால் வாயைத் திறக்கமாட்டான். டீயில் சர்க்கரை போடாவிட்டால்கூட அப்படியே குடித்துவிட்டுப் போகிறவன்.

கருகிய துண்டைக் கொண்டுபோய் அவன் மேசையில் போட்டேன். எலுமிச்சைச் சோறு சாப்பிட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தான்.

"சென்னியப்பா, இதைப் பாரு."

துண்டைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியுங்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"புது லாட்டு பொரியறதில்லீங்க. தீக்குச்சிக்கும் பொரியல. மெழுகுவத்திக்கும் பொரியல."

"எப்பப் பார்த்தே?"

"ஆடியிலீங்க."

ஆடியில் பார்த்ததைக் கார்த்திகையில் சொல்கிறான்! "யார்கிட்டச் சொன்னே?" என்றேன்.

"முதலாளிகிட்டச் சொன்னனுங்க. தோல் இன்னும் எளசு, நாலு வெயில் பட்டாச் சரியாப் போயிரும்னாரு. மறுக்காவும் போய்ச் சொன்னனுங்க. சும்மா சும்மா வந்து நிக்காதே, அப்புறம் உன்னையும் அக்காவாட்டப் புகார் செக்சன்ல உக்கார வெச்சிருவேன்னாரு. அதுக்கப்புறம் நான் கம்முனு இருந்துட்டனுங்க."

"அந்த லாட்டு பூரா எங்க போயிருக்குதுன்னு தெரியுமில்ல?"

தலையாட்டினான். எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். புது பஸ் ஸ்டாண்டில் எல்லாப் பெஞ்சும் அந்த லாட்டுதான். அன்றைக்கு மாலை திறப்பு விழா. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு பெஞ்சின் சாய்மானத்திலும் வரிசையாக அகல் ஏற்ற வேண்டும் என்பது முதலாளியின் யோசனை. 'தீயைத் தின்னும் பெஞ்சு' என்று ஊரெல்லாம் பேனர் கட்டியிருந்தார். பெஞ்சுகளுக்கு நடுவில் வள்ளி கும்மி. ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள்.

"வளர்மதியும் ஆடுதா?" என்று கேட்டேன். வளர்மதி அவன் மனைவி.

"ஆமாங்க்கா. முன் வட்டத்துல."

"அட பாவி! உன்ற பொண்டாட்டி அங்க ஆடப் போறா, நீ இங்க உக்காந்து எலுமிச்சஞ்சோறு திங்கறே!"

"இன்னிக்குப் போக வேண்டாம்னு சொல்லிப் பார்த்தனுங்க. ஏன்னு கேட்டா. சொல்ல முடியல" என்றான்.

திட்டுவதை நிறுத்தினேன். முதலில் காரணம் தெரிய வேண்டும். பாதி பெஞ்சு கெட்டதா, எல்லாமே கெட்டதா என்பது காரணத்தில்தான் இருக்கிறது.

"இந்த லாட்டுக்கு உறை எந்தப் பெஞ்சுல இருந்து எடுத்தே?"

தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் எங்கள் வேலையும். பழைய பெஞ்சு ஒன்றின் தோலைச் சுரண்டி எடுத்துவந்து, அதை வைத்துத்தான் புது லாட்டின் தோலை வளர்ப்போம். தாய் எப்படியோ பிள்ளைகளும் அப்படியே.

"பழைய சந்தை நிறுத்தத்துப் பெஞ்சுங்க. முதலாளிதான் தேர்வு பண்ணினாரு. மூணு வருசமா உங்க செக்சனுக்கு அதைப் பத்தி ஒரு புகார்கூட வந்ததில்லையாமா. நானும் போய்ப் பார்த்தனுங்க. புதுசாப் பொரிஞ்ச தழும்பு ஒண்ணுகூட இல்ல. கம்முனு இருந்துச்சுங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் செய்த தோல், தொட்டதற்கெல்லாம் பொரிந்தது. பீடி நெருப்புக்குப் பொரிந்தது, சூடான டீ கேன் வைத்தால் பொரிந்தது, கம்பி மத்தாப்புப் பொறிக்குப் பொரிந்தது. ஒருமுறை பொரிந்த பலகையை அப்போதெல்லாம் மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. ஊரே கத்தியது. அதனால் பழகுகிற தோல் ஒன்றை வளர்த்தோம். ஒரே இடத்தில், ஒரே மாதிரிச் சூடு திரும்பத் திரும்பப் பட்டு, கெடுதல் ஒன்றும் நடக்காவிட்டால், அந்தச் சூட்டைத் தோல் கண்டுகொள்ளாது. டீ கேனுக்குப் பழகட்டும், பீடிக்குப் பழகட்டும் என்று விட்டோம். எந்த மடையனும் பெஞ்சின்மேல் தினம் தினம் தீயே மூட்டமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"அந்தப் பெஞ்சு யாருதுன்னு தெரியுமா?" என்றேன்.

"மாநகராட்சிதுங்க."

"பாப்பாத்தியக்காளுதுடா! பூக்காரி பாப்பாத்தி. பூக்கூடையை அதுமேலதான் வெப்பா. விடிஞ்சதும் பெஞ்சு ஓரத்துல ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தி, மாரியாத்தா படத்துக்குக் காட்டிட்டுத்தான் போணி பண்ணுவா. பலகை பத்தறதுக்குள்ள அது எரிஞ்சு தீந்துரும். நான் தினம் அவகிட்டத்தானே பூ வாங்கறேன்."

"கற்பூரமுங்களா?"

"முதல்ல எல்லாம் புசுபுசுன்னு உப்பிட்டு நிக்கும், கரண்டில சுரண்டிப் போட்டுட்டு வெப்பேன், இப்பப் பெஞ்சு எனக்குப் பழகிருச்சு சாமின்னு சொன்னா. நானும் பேச்சோட பேச்சாக் கேட்டுட்டுப் பூவை வாங்கிட்டு வந்துட்டேன்."

சென்னியப்பன் எழுந்து நின்றான். "அப்ப புது பஸ் ஸ்டாண்டுல இருக்கிற பெஞ்சு எல்லாமே..."

"எல்லாமே அதோட புள்ளைங்க. தீயைப் பார்த்தா, பாப்பாத்தியக்கா போணி பண்ண வந்துட்டாங்கன்னு நெனச்சுட்டுக் கம்முனு படுத்திருக்கும்."

முதலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கட் பண்ணினார். வளர்மதிக்கு அவன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. கும்மிக்காரிகள் போனை எல்லாம் ஒரு பையில் போட்டு ஓரமாக வைத்திருப்பார்கள் என்றான். அவன் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டு வாசல்களில் கோலம் போட்டு அகல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேம்பாலத்தில் பேட்டரி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற கூட்டம். சென்னியப்பன் ஹார்ன்கூட அடிக்காமல் சந்து கிடைக்கும்வரை காத்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடிடா ஹார்னை! உன்ற பொண்டாட்டி அங்க நிக்கறா!"

அடித்தான். பாவம், அதுகூடச் சத்தமில்லாத ஹார்ன்.

"ஏஞ்சாமி, முதலாளி கேக்கலைன்னா என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவன் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்ககிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சுருங்க்கா."

"ஊருக்குத் தெரியணும்னுதானடா சொல்லணும்!"

ஸ்கூட்டர் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தோளைத் தட்டிக் கொடுத்தேன். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு பளபளவென்று இருந்தது. வட்டம் வட்டமாகப் பெஞ்சுகள். ஒரு பெஞ்சுக்கும் அடுத்ததற்கும் கையளவு இடைவெளிகூட இல்லை. உட்கார இடமில்லாமல் சனம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நடுவில் மஞ்சள் சேலையில் கும்மிக்காரிகள். சாய்மானங்களில் அகல்கள் எண்ணெய் ஊற்றித் தயாராக இருந்தன. இன்னும் ஏற்றவில்லை. அந்த ஒரு நிம்மதி.

"நீ போய் வளர்மதியை வெளிய இழுத்துட்டு வா. நான் முதலாளியைப் பார்க்கறேன்" என்றேன்.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி மேடைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் அப்பா காலத்திலிருந்து நான் அங்கே வேலை பார்க்கிறேன். அதனால் அவர் எனக்குத் தம்பிதான்.

"வாங்க்கா, வாங்க. என்னங்க மூஞ்செல்லாம் கரி?"

"தம்பி, விளக்கு ஏத்த வேண்டாம். பலகை பொரியாது. உறை எடுத்த பெஞ்சு தீக்குப் பழகின பெஞ்சு. சென்னியப்பன் உங்ககிட்ட ரண்டு தடவை வந்து சொல்லியிருக்கறான்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. "அக்கா, தீபாவளிக்குப் பூங்காவைக் காலி பண்ண வெச்சீங்க. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"போன மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அத்தனை பேரையும் எந்திரிக்கச் சொன்னீங்க. என்ன ஆச்சு?"

"அன்னிக்கு ஆகல தம்பி. இன்னிக்கு ஆகும். ஒரு தீக்குச்சி கொண்டாங்க, இங்கயே ஒரு பெஞ்சுல வெச்சுப் பார்த்துரலாம். நான் சொன்னது பொய்யின்னா அந்த நிமிசமே வேலையை விட்டுப் போயர்றேன்."

தீக்குச்சி என்றதும் அவர் பார்வை வேறு பக்கம் போனது. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. தெரியாமல் இருக்கிறவர் கண் வேறு. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருக்கிறவர் கண் வேறு.

"இந்த ஊர்ல இது நல்லாப் போனாத்தான் அடுத்த ஊரு ஆர்டர் கிடைக்குங்க்கா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இன்னிக்கு இது நின்னு போச்சுன்னா நம்ம ஆலைப் பொம்பளைங்க அத்தனை பேரும் நடுத்தெருவுக்கு வந்துருவாங்க. தீயணைப்பு வண்டி வாசல்லயே நிக்குது. ஒரு மணி நேரம். விளக்கு எரிஞ்சு அணைஞ்சுரும். நாளைக்கு நீங்க சொல்றதை எல்லாம் கேக்கறேன்."

"வண்டி வாசல்ல நிக்குது தம்பி. இத்தனை சனத்தைத் தாண்டி அது எப்படி உள்ள வரும்?"

யாரோ அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கும்மி தொடங்கிவிட்டது. மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. சென்னியப்பன் வட்டத்து ஓரத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டான். வளர்மதி அவனைப் பார்த்தாள். புருசன் தன் ஆட்டத்தைப் பார்க்க வந்துவிட்டான் என்று அவள் முகமெல்லாம் சந்தோசம். சிரித்தபடி இன்னும் நன்றாகக் குனிந்து கைதட்டி ஆடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மேடைப் பக்கத்தில் ஒருவர் கையில் மைக் இருந்தது. பிடுங்கினேன்.

"எல்லாரும் எந்திரிங்க! பெஞ்சை விட்டு அக்கட்டப் போங்க! விளக்கை ஏத்தாதீங்க! பலகை பத்திக்கும்!"

மேளம் ஒரு கணம் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும் ஒரு சிரிப்பு ஓடியது.

"ஆரம்பிச்சாச்சு, புகார் அக்கா!" என்றது ஒரு குரல்.

"இன்னிக்கு யாருங்க்கா எச்சில் துப்பினது?" என்றது இன்னொன்று.

எங்கே யார் பெஞ்சில் பீடியை நசுக்கினாலும், எச்சில் துப்பினாலும், அங்கேயே நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் இந்த ஊர் என்னைப் பார்த்திருக்கிறது. தினமும் பார்த்திருக்கிறது. மைக்கை யாரோ அணைத்தார்கள். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, "வுடு கண்ணு, நல்ல நாளும் அதுவுமா" என்று பக்கத்தில் உட்காரச் சொன்னாள், அந்தப் பெஞ்சிலேயே!

நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்தச் சிரிப்புதான் கூடியது.

விளக்குகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒரு வட்டம் முழுக்க எரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் மூன்று அகலை ஊதி அணைத்தேன், என்னை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அந்த நேரத்தில் அடுத்த வட்டத்தில் யாருடைய சேலைத் தலைப்போ பட்டு ஒரு அகல் கவிழ்ந்தது.

எண்ணெய் பலகையில் வழிந்தது. தீயும் அதன் பின்னாலேயே ஓடியது.

ஒருவரும் நகரவில்லை. நகரவில்லை என்பது மட்டுமல்ல, கிட்டே வந்தார்கள்! போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "இப்பப் பொரியும் பாரு, இப்பப் பொரியும் பாரு" என்று குனிந்தார்கள். விளம்பரத்தில் பார்த்திருக்கிறார்கள் அல்லவா? தீ சாய்மானத்தில் ஏறி அடுத்த பெஞ்சைத் தொட்டது. கும்மிக்காரிகளும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க நெருங்கினார்கள். முன்னால் வளர்மதி.

"வளர்மதீ!"

அது என் குரல் இல்லை.

"ஓடு! ஓடுங்க எல்லாரும்! அது பொரியாது! பொரியாது! ஓடுங்க!"

சென்னியப்பன் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. மேளக்காரர்கள் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்கள். வளர்மதியின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் புருசன் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தாள், ஓடினாள். அவள் இழுக்க அடுத்தவள், அடுத்தவள் இழுக்க இன்னொருத்தி, மஞ்சள் வட்டம் முழுவதும் அவிழ்ந்து வாசலைப் பார்த்து ஓடியது. அவர்கள் ஓடவும் சனமும் ஓடியது.

அப்புறம்தான் புகை வந்தது. கறுப்பு. மத்தியானம் ஒரு துண்டுக்கே என் தொண்டையைப் பிடித்த அதே புகை. வட்டம் வட்டமாகப் பெஞ்சுகள் எரிந்தன. என்னை உட்காரச் சொன்ன பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தால் சென்னியப்பன் உள்ளே போகிறான். முழங்கால் வலியில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிவந்து விட்டான். விட்டுவிட்டு மறுபடி போனான். ஒவ்வொரு தடவையும் கத்திக்கொண்டே போனான். கடைசியாக வந்தபோது வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வளர்மதி மடியில் தலையை வைத்துப் படுத்தான். மூக்கெல்லாம் கரி.

ஒருவரும் சாகவில்லை. தீக்காயம் பட்டவர்கள் உண்டு, மிதிபட்டவர்கள் உண்டு. சாவு இல்லை.

விசாரணையில் ஈஸ்வரமூர்த்தி முதலில் எண்ணெய்மேல் பழியைப் போட்டுப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிசயம் பாருங்கள், அன்றைக்கு எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருநாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சென்னியப்பன் கட்டிலருகே நின்றுகொண்டு, "என்னைத் திட்டுங்கக்கா, நாலு வார்த்தை திட்டுங்க" என்றார். எனக்கு வாய் வரவில்லை. இப்போது கம்பெனி அவர் கையில் இல்லை.

சந்தைப் பெஞ்சை எடுக்கப் போனபோது பாப்பாத்தியக்கா குறுக்கே நின்றாள். "என்ற பெஞ்சு ஒரு நாளும் ஒரு தொந்தரவும் பண்ணலியே சாமி, அதை ஏன் எடுக்கறீங்க?" என்று அழுதாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு பெஞ்சு போட்டுக் கொடுத்தோம். கற்பூரம் ஏற்ற ஒரு கல்லும் பக்கத்தில் வைத்தோம். புது உறையை சினிமா தியேட்டர் வாசல் பெஞ்சிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு பீடிக்கும் பொரிந்து, உடம்பெல்லாம் தழும்பாக, எனக்கு அதிகப் புகார் வந்த பெஞ்சு அது.

என்னை மறுபடி ஆய்வுக்கூடத்துக்கே மாற்றினார்கள். சென்னியப்பன் தொண்டை தேறவில்லை. காற்றுதான் வரும், குரல் வராது. சோதனை வேலை அவனுடையது. தினம் காலையில், லாரியில் ஏறப் போகிற பலகையில் ஒரு துண்டு வெட்டித் தீ வைத்துப் பார்ப்பான். அப்புறம் என் மேசைக்கு வந்து குனிந்து ஒரு வரி சொல்வான். "நல்லாப் பொரியுதுங்க்கா." அவ்வளவுதான். முதல் நாள் அதைக் கேட்க நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். மெசினை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். அவன் குரலுக்கு அந்த மரியாதை உண்டு என்று நினைத்தேன்.

தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனி வெயில் வந்தது. தினம் வந்தான். தினம் "நல்லாப் பொரியுதுங்க்கா."

இன்று காலை பிசின் சப்ளை பண்ணுகிறவனோடு போனில் சண்டை. அனுப்பிய பீப்பாய் பாதி தண்ணீர். அவனை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் வந்த மாதிரி இருந்தது. குனிந்து ஏதோ சொன்ன மாதிரியும் இருந்தது. வழக்கமான வரிதான் என்று தலையாட்டினேன். சண்டை முடிந்து போனை வைத்துவிட்டு டீக்குக் கை நீட்டினேன்.

டம்ளர் பக்கத்தில் ஒரு துண்டுப் பலகை.

வழக்கமாக அவன் துண்டைக் கொண்டுவருவதில்லை. எடுத்துப் பார்த்தேன். ஓரம் கருகியிருந்தது. நுரை இல்லை. விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது, பொரியவே இல்லை.

"சென்னியப்பா!" என்று கத்தினேன். "லாரியை நிறுத்துங்க! யாராவது லாரியை நிறுத்துங்க!"

ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். வாசலில் பெஞ்சு ஏற்றிய லாரி புறப்பட்டு நின்றது. அதன் முன்னால் சென்னியப்பன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "தள்ளுங்கண்ணா, நேரமாச்சு" என்று டிரைவர் ஹார்னை அடித்துக்கொண்டிருந்தார். என் தலையைக் கண்டதும் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

என்னென்னவோ நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். போய் சென்னியப்பன் பக்கத்தில் நின்று, அவனைப் போலவே கையை விரித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

டிரைவர் இன்னும் ஒருமுறை ஹார்ன் அடித்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கக் காத்திருந்தார். திறக்கவில்லை. அவர் கண்ணாடியை மெல்ல இறக்கினார், எஞ்சினை அணைத்தார்.